நடுவில் யாரும் இல்லாத கொட்டகை

நோய் புகுந்த கொட்டகை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். கதவைத் திறக்கும் முன்பே சத்தம் மாறியிருக்கும், வாடை மாறியிருக்கும். வாசலோரம் செத்த கோழிகள் குவிந்து கிடக்கும். களப்பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை யாராவது முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் எழுதப்போவது எதையும் காட்டிக்கொடுக்காத ஒரு கொட்டகையைப் பற்றி. அங்கே சாவு இல்லை. இருமல் இல்லை. தீவனத் தட்டுகள் ஒழுங்காகக் காலியாகிக்கொண்டிருந்தன. ஆனாலும் அங்கே வேலை பார்த்தவர் பட்டப்பகலில்கூடத் தனியாக உள்ளே போக மறுத்தார்.

ஓய்வு பெறும்வரை நான் ஜொகூரில் ஒரு கோழி இனப்பெருக்க நிறுவனத்தில் இருந்தேன். எங்கள் குஞ்சுகளை வாங்கி, எங்கள் தீவனத்தைப் போட்டு வளர்த்துத் தரும் ஒப்பந்தப் பண்ணைகளைச் சுற்றிவந்து பார்ப்பது என் வேலை. அதற்கு முன் சில வருடம் ஒரு தமிழ் நாளிதழுக்கு வட்டாரச் செய்தி எழுதினேன். கண்டதை முதலில், நினைத்ததைப் பிறகு என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது. அது கோழிக்கும் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள எனக்கு இந்தக் கொட்டகை தேவைப்பட்டது.

எங்கள் மேலாளரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடமிருந்து வந்தது. சேவல் தேர்ந்தெடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தராசு வேண்டாம் அவருக்கு. கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கோழிகள் அடங்கியதும் மோவாயால் காட்டுவார். "அது. அந்தச் செவலை. பின்னால ஒண்ணு திரும்பி நிக்குதே, அதுவும்." பிடித்து எடை போட்டால் அவர் காட்டியவைதான் முன்னால் நிற்கும்.

ஒரு வருடம் வெயில் கடுமை. கனத்த சேவல்கள்தான் வெக்கையில் முதலில் விழும். மூவாருக்கு வெளியே இருந்த எங்கள் தாய்க்கோழிப் பண்ணையில் பெரும்பாலான சேவல்கள் போய்விட்டன. முட்டைகளில் கரு பிடிக்கவில்லை. பொரிப்பகத்திலிருந்து தினமும் போன் வந்தது. வழக்கமாகச் சேவல் தரும் தந்தைவழிப் பிரிவில் வயதுக்கு வந்தவை அப்போது இல்லை. பாஸ் எங்களை அழைத்துக்கொண்டு பக்கத்துக் கொட்டகைக்குப் போனார். அங்கே இறைச்சிக்காக வளர்ந்துகொண்டிருந்த கோழிகளின் தாய்கள் குட்டை இனம். குட்டைத் தாய் குறைவாகத் தின்னும், முட்டை மட்டும் குறையாது. அதற்காகவே பல நிறுவனங்கள் அவற்றை வைத்திருக்கின்றன. நல்ல சேவலோடு சேர்த்தால் பிள்ளைகள் முழு உயரத்துக்கு வளர்ந்துவிடும். அன்று அங்கே நின்ற சேவல்களும் அப்படித்தான் வளர்ந்திருந்தன.

பாஸ் மோவாயால் காட்டக் காட்ட, ஆட்கள் பிடித்துக் கூடையில் போட்டார்கள். பிடித்தவர்களில் ஒருவர் சேவலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "அம்மா குட்டச்சி, மகன் பாருங்க பாஸ், தென்னமரம்!"

"நீ எதுக்கு அம்மாவப் பாக்குற? மாப்பிள்ளையப் பாரு லா," என்றார் பாஸ். எல்லோரும் சிரித்தோம். அந்த மாப்பிள்ளைகள் அன்றே மூவார் பண்ணைக்குப் போனார்கள். அங்கே இருந்த பெட்டைகள் சாதாரண உயரம். சில வாரங்களில் முட்டைகளில் கரு பிடித்தது. பொரிப்பகம் போன் செய்வதை நிறுத்தியது.

பிறகு ஒருநாள் லூர்துமேரி அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. லாயாங் லாயாங் பக்கம், செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு கொட்டகை வைத்திருந்த ஒப்பந்தக்காரர் அவர். செனாயில் மின்னணுத் தொழிற்சாலையில் பல வருடம் நின்று வேலை செய்தவர். ஆட்குறைப்பில் வெளியே வந்ததும் கணவரோடு சேர்ந்து அந்தக் கொட்டகையைக் கட்டினார். கணவர் இறந்துவிட்டார். கொட்டகை இருந்தது.

படத்தில் செந்நிறப் பெட்டைக் கோழி ஒன்று. இறகு பளபளப்பு, கொண்டை சிவப்பு, கண் தெளிவு. நன்றாகத்தானே இருக்கிறது அக்கா என்று பதில் போட்டேன். சற்று நேரத்தில் அதே கோழியின் இன்னொரு படம் வந்தது. இம்முறை அவர் தன் கையை அதன் அருகே வைத்திருந்தார்.

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். செய்திப் படத்தில் பக்கத்தில் ஒரு மனிதக் கை இல்லையென்றால் அளவு தெரியாது என்பது பத்திரிகையில் முதலில் கற்றுத்தருவது. வளர்ந்து முடிந்த முகம் அது. ஆனால் உடல் அவர் உள்ளங்கையும் மணிக்கட்டும் சேர்ந்த அளவுக்குக் கொஞ்சம் மேல்தான்.

போன் செய்தேன்.

"ஒண்ணு ரெண்டு இல்ல தம்பி," என்றார். "சீக்குன்னா எனக்குத் தெரியும். இது சீக்கு இல்ல. வேலைக்கு நிக்கிற சுக்ரி உள்ள போக மாட்டேங்கிறான். நீங்க வந்து பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க, நான் பாக்குறதத்தான் நீங்களும் பாக்குறீங்களான்னு."

மறுநாள் காலை போனேன். மழை விட்டிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் காட்டுச் சரிவில் மூடுபனி இன்னும் கலையவில்லை. கதவில் ஒரு ஜெபமாலை தொங்கியது. அதற்கு மேலே எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரம், பக்கத்து வீட்டு அம்மா கட்டிவிட்டது. கதவுக்கு வெளியே, காட்டைப் பார்த்த மூலையில், வாழையிலைத் துண்டில் ஒரு பிடி மஞ்சள் சோறு. அது சுக்ரி வைத்தது. இவை எல்லாவற்றுக்கும் கீழே எங்கள் நிறுவனம் கொடுத்த கிருமிநாசினி மிதியடி.

நான் பார்ப்பதை லூர்துமேரி அக்கா பார்த்தார். "எல்லாரையும் கூப்பிட்டாச்சு தம்பி. யாரு வந்து வேல செஞ்சாலும் சரி, நான் பேதம் பாக்கல."

இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்த சுக்ரி தீவனத் தள்ளுவண்டியைப் பிடித்தபடி தள்ளி நின்றார். என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் "பூனியான் புஞா, என்சிக்," என்றார், இது பூனியானுடையது ஐயா என்று. காட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் குடும்பம் நடத்துவதாக மலாய்க்காரர்கள் சொல்லும் மக்கள் பூனியான்கள்.

"நம்ம கோழிய எடுத்துக்கிட்டு அவங்க கோழிய வெச்சுட்டாங்களாம்," என்று அக்கா விளக்கினார். "நான் என்னத்தச் சொல்றது? குஞ்சுப் பெட்டியெல்லாம் நான்தான் தொறந்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான் வந்துச்சு. ஒரு மாசம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா கொஞ்சம் மட்டும் நின்னுபோச்சு. அப்படியே."

உள்ளே போனேன்.

விற்பனைக்குத் தயாராகும் வயதில் உள்ள கோழிக் கூட்டத்துக்குள் ஆள் நுழைந்தால் தலைகள் ஒன்றாக உயரும், ஒரே மட்டத்தில் உயரும். பல வருடம் பார்த்த கண் அதை எதிர்பார்த்தே உள்ளே நுழைகிறது. அன்று தலைகள் இரண்டு மட்டங்களில் உயர்ந்தன. மேலே ஒரு தளம். அதற்குக் கீழே, உயரமானவற்றின் வயிறுகளுக்கும் கால்களுக்கும் இடையில், இன்னொரு தளம். கீழே இருந்த முகங்களும் அதே முகங்கள்தான், அதே வயது, அதே நிதானம். குஞ்சுகளாக இருந்தால் மனம் ஏற்றுக்கொண்டிருக்கும். இவை குஞ்சுகள் இல்லை.

கையைத் தட்டினேன். உயரமானவை அலையாக ஒதுங்கின. சிறியவை அவ்வளவு வேகமாக நகரவில்லை. மூவார் ஆற்றில் நீர் வற்றும்போது தெரியும் பழைய படகுத்துறையின் கட்டைக்கால்கள் போல, கூட்டம் வடிந்த இடத்தில் அங்கங்கே நின்று என்னைப் பார்த்தன. பிறகு உயரமானவை திரும்பி வந்து அவற்றை மூடிக்கொண்டன.

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்த இடத்தில்தான் நீங்கள் பெரும்பாலும் அவசரப்படுவீர்கள். மருந்துப் பெட்டியைத் திறப்பீர்கள், ரத்தம் எடுப்பீர்கள், யாரையாவது கூப்பிடுவீர்கள். ஒன்றும் செய்யாமல் உட்காருவதும் வேலைதான். கண் இருட்டுக்குப் பழகுவது போல ஒரு கூட்டத்துக்கும் பழக வேண்டும்.

கண்டவை இவை. சிறியவை தின்கின்றன. தண்ணீர் குடிக்கின்றன. எச்சம் கெட்டி. நடை சரி. உயரமான பெட்டைகளைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறியவை. கால் குட்டை என்பதால் கண்ணுக்கு இன்னும் சிறியவை. சேவல்களுக்குப் பக்கத்தில் நின்றால் பாதிதான்.

நான் தேடியது இடைப்பட்டவற்றை. தீனி போதாத கூட்டத்தில் ஒரு படிக்கட்டு இருக்கும். பெரியது, கொஞ்சம் சிறியது, இன்னும் கொஞ்சம் சிறியது என்று இறங்கிக்கொண்டே போகும். நோயிலும் அப்படித்தான். கொஞ்சம் அடிபட்டது, நிறைய அடிபட்டது, சாகக் கிடப்பது. இங்கே படிக்கட்டு இல்லை. மாடி இருந்தது, தரை இருந்தது. நடுவில் யாரும் இல்லை.

சுக்ரி ஏன் உள்ளே வர மறுக்கிறார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. மெலிந்தது, நோயாளி, சவலை என்றால் பரிதாபம் வரும். இவை எதிலும் குறைபடாமல், வேறு ஓர் அளவில் முழுமையாக இருந்தன.

போன் அடித்தது. பாஸ். நான் வழியில் அவருக்குப் படங்களை அனுப்பியிருந்தேன்.

"தீனிய வித்துட்டாங்க," என்றார் எடுத்த எடுப்பில். "வேற என்ன? பாதிக்குப் போட்டு, பாதிக்கு இல்ல. நாளைக்கு லோரி அனுப்புறேன், எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வரட்டும். அந்தக் கொட்டகைக்கு இனிமே குஞ்சு இல்ல. நீ பராமரிப்புக் கோளாறுன்னு ஒரு வரி எழுதி அனுப்பு."

"பாஸ், நான் இன்னும் பாத்து முடிக்கல."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? எத்தன பேர் இப்படிப் பண்ணிருக்காங்க, நீ பாக்கலயா?"

பார்த்திருந்தேன். அது பொய்யான சந்தேகம் இல்லை. தீவன மூட்டையை வெளியே தள்ளிவிட்ட ஒப்பந்தக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். அப்படி ஒரு பேர் வந்துவிட்டால் மாநிலத்தில் எந்த நிறுவனமும் அந்தக் கொட்டகைக்குக் குஞ்சு இறக்காது. களப்பணியாளர்கள் ஒரே கடைகளில்தான் டீ குடிக்கிறோம்.

பக்கச் சுவர் இல்லாத கொட்டகை. பாஸ் போனில் பேசினால் எதிரே நிற்பவருக்கும் கேட்கும். லூர்துமேரி அக்கா கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"ஃபேக்டரியில தினம் வெளிய வர்றப்ப பையத் தொறந்து காட்டணும் தம்பி," என்றார். குரல் உயரவில்லை. "சாப்பாட்டு டப்பாவையும் தொறந்து காட்டணும். அது இனிமே இல்லன்னுதான் இதக் கட்டுனோம்."

"அக்கா, பிடிக்கிற வலைய எடுத்துட்டு வாங்க," என்றேன். "சின்னதா மட்டும் பிடிப்போம்."

மூலையில் வலையைக் கட்டி, சிறியவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். கொண்டை, கழுத்து இறகு, கால். பார்த்ததை அக்காவிடம் கொடுத்தேன், அவர் வலைக்கு வெளியே விட்டார். முதலில் எதையும் கவனிக்கவில்லை. பிறகு கவனித்து, நம்பாமல், இன்னும் பிடித்தேன். கொட்டகையின் இந்தக் கோடி, அந்தக் கோடி, நடு. இடம் மாற்றி மாற்றிப் பிடித்தேன்.

"என்ன தேடுறீங்க?" என்றார் அக்கா.

"சேவல்."

அவர் கையில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தார். வலைக்குள் இருந்தவற்றைப் பார்த்தார். "எல்லாம் பொண்ணுங்க," என்றார். ஒரு கணம் கழித்து, "பூனியான்காரனும் பொம்பளப் பிள்ளையாத்தான் பாத்து எடுப்பானா?" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை.

எந்தக் கிருமியும் பால் பார்த்துத் தொற்றுவதில்லை. தீனி போடாத கை பெட்டைகளில் பாதியை மட்டும் பொறுக்கியெடுத்துப் பட்டினி போட முடியாது. சேவல் ஒன்றுகூட இல்லாத ஒரு குறை வெளியிலிருந்து வருவதில்லை. உள்ளேயிருந்து வருகிறது.

ஒன்றை அறுத்துப் பார்த்தேன். ஈரல் சுத்தம். குடல் சுத்தம். வயிற்றில் தேவைக்கு மேலேயே கொழுப்பு. பட்டினி கிடந்த கோழியில் அது இருக்காது. கால் எலும்பு மட்டும் குட்டை, ஆனால் நேர்த்தியான குட்டை.

உங்களுக்கு இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நான் சுருக்கமாகச் சொல்கிறேன். சேவலுக்கு Z என்ற பால் குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு ஒன்று. மகனுக்குத் தகப்பன் ஒன்றும் தாய் ஒன்றும் தருகிறார்கள். மகளுக்குத் தகப்பன் தருவது மட்டும்தான். குள்ள மரபணு அதில் உட்கார்ந்திருக்கிறது. மகனிடம் வந்தால் தாயின் நல்ல பிரதி அதை மறைத்துவிடும். அவன் தென்னைமரம் போல வளர்வான். மகளிடம் வந்தால் மறைக்க எதுவும் இல்லை. அவள் உடலிலும் வளர்ச்சி ஹார்மோன் ஓடுகிறது, குறைவில்லாமல் ஓடுகிறது. அதைக் கேட்டுக்கொள்ள வேண்டிய ஏற்பிதான் பழுது. அழைப்பு போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. அந்தக் கொட்டகையில் நின்றபோது எனக்கு இது விளக்கமாகத் தோன்றவில்லை. சுற்றிலும் ஒவ்வொரு சிறிய உடலுக்குள்ளும் அந்த அழைப்பு விடாமல் அடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

அப்படியானால் தகப்பன்களில் பலர் பார்க்கத் தென்னைமரமாகவும் உள்ளே குள்ளத்தைச் சுமப்பவர்களாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சேவல் குட்டைத் தாய்க்குத் தவறாமல் பிறக்கும். அந்தத் தாய்களை எனக்குத் தெரியும். அன்று நாங்கள் சிரித்ததும் நினைவிருந்தது.

இப்போது என் முன்னால் இருந்த கேள்வி மரபணு பற்றியது அல்ல. இதைப் பாஸிடம் எப்படிச் சொல்வது? போனில் சொன்னால் மறுப்பார். நானாக இருந்தாலும் மறுத்திருப்பேன். மறுத்துவிட்ட ஒருவர் பிறகு தன் மறுப்பைக் காப்பாற்றத்தான் பாடுபடுவார். லோரி நாளைக்கு வந்துவிடும், ஆதாரமும் அதோடு போய்விடும். அவருக்குத் தன் கண் மேல் இருந்த நம்பிக்கையை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

"பாஸ், எழுதுறேன். அதுக்கு முன்னால நீங்க ஒரு தடவ வந்து பாக்கணும். உங்க கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு எனக்குத் தெரியணும்."

மதியம் வந்தார். ஹைலக்ஸை நிறுத்தி இறங்கியவர் அக்காவைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டவில்லை. கதவில் தொங்கியவற்றைப் பார்த்தார். "அலமாக், இங்க என்ன திருவிழாவா?" என்றார். வழக்கம் போல வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கோழிகள் அடங்கின. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோவாய் அசையவில்லை.

"உள்ள வாங்க பாஸ். நீங்களே பிடிச்சுப் பாருங்க," என்றேன்.

பிடித்தார். திருப்பினார். விட்டார். இன்னொன்று. இன்னொன்று. அவர் வேகம் குறைந்துகொண்டே வந்தது. குனிந்திருந்தவர் ஒரு கட்டத்தில் நிமிரவில்லை. ஒரு சிறியது அவர் காலணிக்கு அருகே வந்து நின்று அவரை அண்ணாந்து பார்த்தது.

"சேவல் ஒண்ணுகூட இல்லயா?" என்றார், தரையைப் பார்த்தபடி.

"நான் பிடிச்சதுல இல்ல."

"இந்த லாட் முட்டை எங்கேருந்து?"

"மூவார்."

சாரல் தகரக் கூரையில் விழத் தொடங்கியது. பாஸ் நினைத்தால் அப்போதும் லோரியை வரச் சொல்லலாம். அந்தக் கொட்டகையில் நடந்தது நாங்கள் இருவர் மட்டும் அறிந்தது. லூர்துமேரி அக்காவுக்கு மரபணு தெரியாது. அவர் அள்ளிக்கொண்டு போக விட்டிருப்பார், அழுதிருப்பார், அவ்வளவுதான். இதைப் பாஸ் நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்தேன். அவர் நினைத்தால் என்ன செய்வேன் என்றும் நினைத்தேன்.

அவர் வெளியே வந்தார். மழையில் நின்றே பேசினார்.

"தீனியில தப்பு இல்லக்கா. உங்க மேலயும் தப்பு இல்ல. எங்க பக்கத்துலேருந்து வந்தது இது."

"போன்ல சொன்னீங்களே பாஸ்," என்றார் அக்கா.

"சொன்னேன்."

"அது எனக்குக் கேட்டுச்சு. இதையும் போன்ல யார்கிட்டயாவது சொல்லுங்க."

பாஸ் அங்கேயே நின்று அலுவலகத்துக்குப் போன் செய்து, லோரி வேண்டாம் என்றார். ஏன் என்றும் சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். நாலு அடி வைத்தவர் திரும்பினார்.

"அப்ப பெரிய சேவலுங்க? அதுங்களும் அதே அப்பன் பிள்ளதானே?"

"அதுல பாதி அந்தக் குள்ளத்த உள்ள சுமக்கும்க்கா," என்றேன்.

"எந்தப் பாதி?"

"தெரியாது. பாத்தா தெரியாது."

அவர் கொட்டகையைப் பார்த்தார். உயரமான செந்நிறச் சேவல்கள் வலைக்கு அந்தப் பக்கம் கழுத்தை நீட்டி நின்றன. சிறியவற்றை இத்தனை நாள் பயந்து பார்த்தவர் அப்போதுதான் பெரியவற்றைப் பார்த்து ஓர் அடி பின்வாங்கினார்.

அன்றே நானும் பாஸும் மூவாருக்குப் போனோம். பண்ணைக்குள் அவர் நுழைந்ததும் சேவல்கள் அவரை நோக்கி வந்தன. அவர் வந்தால் எப்போதும் வரும். புதிதாக விட்டவற்றுக்குக் காலில் முள் இன்னும் குட்டை, அதை வைத்துத்தான் பிரிக்க முடிந்தது. ஒவ்வொன்றையும் அவர்தான் பிடித்தார். அவ்வளவு அழகான சேவல்களை அதற்கு முன்னும் பின்னும் நான் ஓரிடத்தில் பார்த்ததில்லை. பெட்டைகள் கூடைகள் வரை அவற்றைத் தொடர்ந்து வந்தன.

"ஒரு நாள் பூரா பாத்துப் பாத்து எடுத்தேன் லா," என்றார் பாஸ், கடைசிக் கூடையை மூடும்போது. "இப்பவும் பாக்குறேன். ஒண்ணும் தெரியல."

அதன் பிறகு அவர் சேவல் எடுக்கும்போது தாய் யார் என்று கேட்டுவிட்டுத்தான் வாசலுக்கே போவார். உங்களுக்கும் அதைத்தான் சொல்ல வந்தேன். கண் பொய் சொல்வதில்லை. அது பாதியைத்தான் சொல்கிறது. மீதிப் பாதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எடுத்த முடிவு, வேறு யாராவது ஒருவரின் கொட்டகையில் போய் இறங்கும். அங்கே அதற்கு வேறு பெயர் வைப்பார்கள். நோய் என்பார்கள், பேய் என்பார்கள், திருட்டு என்பார்கள்.

லூர்துமேரி அக்காவின் கோழிகள் விற்பனைக்குப் பிடிக்கும் நாளில் நான் போய் நின்றேன். நாட்டுக்கோழிப் பண்ணைகளில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். கோழி பிடிக்க வரும் ஆட்கள் கூட்டத்திலேயே அழகான சேவல் ஒன்றை ஆளுக்கு ஒன்றாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டுப் பெட்டைகளோடு விடுவதற்காக. அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. அன்று ஒன்றுகூடப் போகக்கூடாது என்றேன். எல்லாம் வெட்டுக்கு. ஆட்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அக்காவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டார். சுக்ரி கொட்டகைக்கு உள்ளே நின்று வேலை செய்தார். மழை இறங்கியது, லோரி நகர்ந்தது, கொட்டகை காலியானது. அடுத்த தவணைக் குஞ்சு அதே கொட்டகைக்குப் போனது. இன்றும் போகிறது.

போன டிசம்பரில் தெப்ராவில் பழைய நண்பர் ஒருவர் வீட்டில் கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்பு. மூலை வீடு, பின்னால் கொஞ்சம் நிலம். சாப்பிட்டு முடித்ததும் நான் கோழிக்காரன் என்பதால் என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

"பாருங்க நம்ம ஆள," என்றார். செந்நிறச் சேவல். உயரம், நெஞ்சு, நிற்கும் விதம், எல்லாம் எனக்குத் தெரிந்தது போல இருந்தது. "இதோட தாத்தா லாயாங் லாயாங் பக்கத்துக் கோழியாம். லோரியில கோழி பிடிக்கிற பையன்கிட்ட வாங்கினது. எப்படி?"

நான் சேவலைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் அவரது இளங்கோழிகள் தீனித் தட்டைச் சுற்றி நின்றன. ஒன்றின் தலை உயர்ந்தது, பிறகு மற்றவையும் உயர்ந்தன. இரண்டு மட்டங்களில் உயர்ந்தன.

"அந்தக் குட்டைங்கள விடுங்க," என்றார் நண்பர். "வேலைக்கு வர்ற இந்தோனேசியா அம்மாவோட லட்சணம். தீனிய ஒழுங்காப் போடல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க போல. கேட்டா அழுவுறாங்க. திங்கக்கிழமையோட வர வேணாம்னு சொல்லிட்டேன்."

வீட்டுக்குள் யாரோ பாட்டுப் போட்டார்கள். சிறியவற்றில் ஒன்று கம்பி வலை வரைக்கும் வந்து நின்று, வளர்ந்து முடிந்த முகத்தோடு என்னை அண்ணாந்து பார்த்தது.

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன். அந்த அம்மா எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்டேன்.